பலகையில் இரண்டு உள்ளங்கைகள்

எங்கள் நிலையத்துக்குப் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. அதற்கென்று உள்ள தாளில் கறுப்புக் கோட்டால் படம் கீறி உள்ளே விட்டால், சூட்டில் கோடெல்லாம் பொங்கி எழும்பி வெளியே வருகிறது. விரலால் தடவிப் பார்க்கலாம். நாங்கள் நாள்கணக்காகக் குனிந்திருந்து நூலும் பசையுமாகச் செய்த வேலையை அது தேத்தண்ணி ஆறுவதற்குள் செய்து முடிக்கிறது. நான் வேலையிலிருந்து இளைப்பாறிப் போனவள் என்றாலும் மறக்காமல் கூப்பிட்டுக் காட்டினார்கள். நல்ல சாமான். எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. விரல் நுனியில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டு திரிந்த காலத்தை நினைத்தால், இது முந்தியே வந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கும் சுகன்யா என்ற பிள்ளை ஒரு கேள்வி கேட்டாள். “நஸீமா மிஸ், பெரிய படங்களையெல்லாம் இந்தத் தாள் அளவுக்குச் சுருக்கினால் சரிதானே?” ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வாய் வரவில்லை. தவமணி அக்காவின் கதையைத் தொடங்கினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் எழும்ப வேண்டியதாயிற்று. “மிச்சத்தை எழுதித் தாங்கோ மிஸ், நாங்கள் எல்லாரும் வாசிக்கலாம்” என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

காதும் கேளாமல் கண்ணும் தெரியாமல் இருப்பவர்களோடு கதைப்பதுதான் என் வேலையாக இருந்தது. துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய களஞ்சியத்தில் எங்கள் நிலையம் இருந்தது. கிண்ணியாவிலிருந்து நான் பஸ்ஸில் வந்து போவேன். நாங்கள் கையால் சைகை காட்டும்போது அவர்கள் தங்கள் கைகளை எங்கள் கைகளுக்கு மேல் வைத்திருப்பார்கள். எங்கள் கை போகிற வழியே அவர்கள் கையும் போய்ச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். கீழே அவர்கள் பேசியதாக நான் எழுதுவதெல்லாம் கையால் சொன்னவைதான். வாசிக்க வசதியாக வாய்ப்பேச்சாக எழுதுகிறேன்.

நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் பிலோமினா மிஸ். மெலிந்த, கட்டையான உருவம். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஆனால் அவர் ஒரு அறைக்குள் வந்தால் நாங்கள் எல்லோரும் எங்கள் நகத்தைப் பார்த்துக்கொள்வோம். நகம் வெட்டாமல் வந்தவளை ஒரு நாளும் ஏசமாட்டார். மேசை லாச்சியைத் திறந்து நகவெட்டியை எடுத்து முன்னால் வைத்துவிட்டுப் போவார். ஏசியிருந்தால் பரவாயில்லை என்று இருக்கும்.

பயிற்சி என்று அவர் எங்களுக்குத் தந்தது பெரும்பாலும் கட்டுத் துணியும் காதுக்குப் பஞ்சும்தான். கண்ணையும் காதையும் அடைத்துவிட்டுக் கையில் ஒரு சாமானைத் தருவார். எனக்கு முதல் தந்தது தேங்காய் துருவும் திருவலை. வீட்டில் தினமும் புழங்குகிற சாமான். அது என்னவென்று பிடிபட எனக்கு எவ்வளவு நேரம் சென்றதென்று சொன்னால் வெட்கம். கட்டை அவிழ்த்த பிறகு மிஸ் சொன்னார்: “கண் முழுசை முதல்ல பார்த்திட்டுத்தான் துண்டுக்குப் போகும். கை துண்டு துண்டாக் கூட்டித்தான் முழுசுக்கு வரும். அதால கையை அவசரப்படுத்தாதேங்கோ.”

அவருடைய ஒழுங்குகள் சில. ஒருவரின் கையை மேலிருந்து பிடித்து எதிலும் வைக்கக் கூடாது. எங்கள் புறங்கையை அவர் கைக்குப் பக்கத்தில் மெல்ல முட்ட வைத்து, அவராக எங்கள் கைமேல் ஏறும்வரை பார்த்திருக்க வேண்டும். பிறகு அவர் கை மேலே, எங்கள் கை கீழே, படத்துக்குப் போக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் எங்கள் கையை உருவி எடுத்துவிட வேண்டும். அவர் தொட்டு முடிந்து கையைத் தூக்கும்வரை ஒரு சொல் சொல்லக் கூடாது. இது வீடு, இது மரம் என்று நாங்கள் முந்திக்கொண்டால் அவர் பார்ப்பது எங்கள் படமாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் இல்லாததைச் சேர்க்கவும் கூடாது, இருப்பதை மறைக்கவும் கூடாது.

படம் என்றா சொல்கிறேன். ஓம், படம்தான். கண் தெரியாதவருக்குப் படம் எதற்கென்று கேட்ட ஆட்கள் நிறையப் பேர். மிஸ் அவர்களோடு வாதாடமாட்டார். “வந்து இருந்து பாருங்கோ” என்பார். ஊரில் ஆராவது கீறிய படங்களை வாங்கி, அவற்றைப் பலகையில் மேடும் பள்ளமுமாகச் செய்வோம். ஓரத்துக்குக் கயிறு, அலைக்கு வலை நூல், துணிக்குத் துணி, மண்ணுக்குப் புல்மோட்டையிலிருந்து வரும் கரு மணல். அந்த மணல் பாரம். பசையில் நன்றாகப் படியும். படம் எவ்வளவு பெரிதென்றாலும் இரண்டு கையையும் விரித்து வைத்தால் அடங்குகிற அளவுக்குச் சுருக்குவோம். அதைவிடப் பெரிதானால் கை வழி தெரியாமல் அலையும்.

மூதூரிலிருந்து வரும் அன்வர் பிறவியிலேயே இரண்டும் இல்லாதவர். கிழிந்த வலை பொத்துவதில் கெட்டிக்காரர். துறைமுகத்தை மேட்டிலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு படத்தை அவருக்குக் காட்டினோம். முன்னால் ஒரு தோணி, தூரத்தில் ஒரு கப்பல். தடவி முடித்துவிட்டுக் கேட்டார்: “கப்பல் ஏன் தோணியை விடச் சின்னன்?” தூரத்தில் போனால் சின்னதாகத் தெரியும் என்றேன். “அப்ப நான் வீட்டை போய்ச் சேரேக்க உங்களுக்கு நான் எறும்போ?” என்றார். மிஸ் அன்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு எங்களுக்குச் சொன்னார், “கண்ணுக்குச் சரியான அளவு வேறை, கைக்குச் சரியான அளவு வேறை. இதை ஒரு நாளைக்கு நாங்கள் படிக்கத்தான் போறம்.” அவர் சொன்ன அந்த நாள் தவமணி அக்காவோடு வந்தது.

தவமணி அக்கா பிறந்தது கிளிவெட்டியில். பிறவியிலேயே காது கேளாது. கேளாதவர் பள்ளியில் சைகை படித்துக் கலியாணமும் முடித்து, ஒரு மகன் பிறந்த பிறகு கண் இருளத் தொடங்கியது. முதலில் இரவில் தெரியவில்லை. பிறகு பார்வை நாலு பக்கமும் ஒடுங்கிக்கொண்டே வந்து ஒரு நாள் முழுதாக நின்றுவிட்டது. புருசன் முந்தியே காலமாகிவிட்டார். கப்பல்துறையில், கண்டி வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, மகன் ரமணனோடும் தமக்கை கமலா அக்காவோடும் இருந்தார்.

ரமணனுக்குத் தோணிகளுக்குப் பேர் எழுதுவதும் முன்பக்கத்தில் பூவும் மீனும் கீறுவதும்தான் தொழில். தாயோடு கையாலேயே கதைத்து வளர்ந்த பிள்ளை. அவன் கை ஓடுகிற வேகத்துக்கு என்னால் பிடிக்க முடியாது என்று தவமணி அக்கா என்னைச் சீண்டுவார். அவனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

அந்தத் துக்கம் கொஞ்சம் ஆறிய காலத்தில் தவமணி அக்கா நிலையத்துக்கு வந்து மிஸ்ஸிடம் கேட்டார். “மகன் வீட்டில ஒரு பெரிய பலகையில என்னைக் கீறி வைச்சிருக்கிறான். உங்களைத்தான் கீறுறன் அம்மா எண்டு என்ர கையில சொன்னவன். நான் அதைப் பார்க்க வேணும். செய்து தருவீங்களோ?” மிஸ் யோசிக்காமலே ஓம் என்றார்.

படத்தைப் பார்க்க நான்தான் போனேன். குசினிக்குப் போகும் வழியில் சுவரில் சாத்தி இருந்தது. கதவளவு ஒட்டுப்பலகை, தோணிக்குப் பூசும் மைதான் பூசியிருந்தான். பின்னால் துறைமுகத் தண்ணீர், ஒரு மர இறங்குதுறை, அதில் மஞ்சள் சீலையோடு ஒரு பெண் எங்களைப் பார்த்தபடி நிற்கிறாள். இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டி உள்ளங்கையைக் காட்டுகிறாள். கைகள் உடம்புக்கு அளவில்லாமல் பெரிது. ரேகை, மடிப்பு எல்லாம் விட்டுவைக்காமல் கீறியிருந்தான். முகம் வெறும் தோல் நிறத்தில் ஒரு பூச்சு. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை.

“பொலிஸ்காரன் பஸ்ஸை மறிக்கிற மாதிரிக் கையைக் காட்டுறா” என்றார் கமலா அக்கா. சிரிக்க முயன்றார், வரவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். தங்கைக்குக் கேட்காது என்று தெரிந்தும் தாழ்த்தினார். “நஸீமா, முகம் அப்பிடியே உரிச்சு வைச்ச மாதிரி இருக்குது எண்டு நான் அவவுக்குச் சொல்லிப்போட்டன். செத்த வீட்டில சொன்னனான். வேறை என்னத்தைச் சொல்லுறது? நீங்கள் செய்யேக்க ஒரு கண்ணும் மூக்கும் வைச்சு விடுங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?”

எனக்கும் அது பெரிய பாவமாகப் படவில்லை. மிஸ்ஸிடம் வந்து அப்படியே சொன்னேன். மிஸ் மேசையில் இருந்த கத்தரிக்கோலை நேராக்கி வைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார். “அவவுக்கு வெளி உலகம் எண்டு இருக்கிறது உங்கட கையும் என்ர கையும்தான். அந்தக் கை ஒரு தரம் பொய் சொன்னா, பிறகு அவ எங்க போய் விசாரிக்கிறது? நாங்கள் வைச்சா அது எங்கட முகம். ரமணன்ர இல்லை.”

படத்தை வழக்கம்போல் இரண்டு கை அளவுக்குச் சுருக்கினோம். அப்படிச் சுருக்கும்போது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். அதனால் அந்தப் பெரிய கைகளையும் உடம்புக்குத் தக்கதாகக் குறைத்து, விரலை எண்ணாமல் கையின் உருவத்தை மட்டும் எடுத்தோம். படத்தைச் சரியாக்கிவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மிஸ்ஸும் தடவிப் பார்த்து ஓம் என்றார்.

தவமணி அக்கா வந்து இருந்தார். என் வளையலைத் தொட்டு நான்தான் என்று கண்டுகொண்டார். என் கைமேல் கையை வைத்துப் பலகைக்கு வந்தார். ஓரத்தைச் சுற்றினார். நூலில் கைபட்டதும் தண்ணீர் என்று தானாகவே தலையாட்டினார். இறங்குதுறையின் குச்சிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். சீலைத் துணியில் நின்று முகம் மலர்ந்தார். பிறகு விரல் மேலே போயிற்று. முகத்தின் வட்டத்துக்குள் போய் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. திரும்பவும் போனது.

“முகம் எங்க?” என்று கேட்டார்.

“முகம் கீறேல்ல அக்கா. ரமணன் அதை வெறுமனே விட்டிருக்கிறான்” என்றேன்.

“அப்ப இது நான் எண்டு எப்பிடித் தெரியும்?” பிறகு அவரே சொன்னார். “இது ஆரோ ஒரு பொம்பிளை. கைகூட என்ர இல்லை. அக்காதான் பொய் சொன்னவ எண்டு பார்த்தா, அவனும் என்னட்டப் பொய் சொன்னவனோ?” கையை எடுத்தார். இரண்டு கையையும் சீலைத் தலைப்புக்குள் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

எங்களுக்கு ஒருவரோடு கதைக்கப் பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கேட்டுக்கொண்டாவது இருப்போம். அவர் கையை மூடினால் எல்லாம் மூடிவிடும். வீட்டுக்குப் போன பிறகும் அவர் கை சீலைக்குள்ளேயே இருந்தது. சோற்றை வைத்தால் கொஞ்சம் தின்பார், திரும்பவும் மூடிக்கொள்வார். கமலா அக்கா நிலையத்துக்கு வந்து வாசலிலேயே நின்று என்னைக் கேட்டார். “ஒரு கண்ணும் மூக்கும் வைச்சிருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்? பிள்ளையைப் பறிகுடுத்தவளிட்ட இருந்த கடைசி நம்பிக்கையையும் பறிச்சுப்போட்டியள்.” அவர் சொன்னது சரிதானோ என்று அன்று முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மிஸ் மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

மிஸ் ஆட்களின் வீடுகளுக்குப் போவது குறைவு. அடுத்த நாள் என்னோடு பஸ் ஏறினார். கப்பல்துறையில் இறங்கி, அந்த வீட்டுக் கிணற்றடியில் கையைக் கழுவி, மணிக்கூட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். தவமணி அக்கா கதிரையில் இருந்தார். மிஸ் கதிரை கேட்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். தன் புறங்கையை அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், சீலையில் முட்டியும் முட்டாமலும் வைத்தார். வைத்தது வைத்தபடி இருந்தார். கமலா அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார், அது ஆடை படிந்து ஆறியது. வெளியே வெயில் முற்றத்தைத் தாண்டிப் போனது. மிஸ்ஸின் கால் மரத்துப் போயிருக்க வேண்டும், கையை மட்டும் அசைக்கவில்லை. தட்டவில்லை, தடவவில்லை. கடைசியில் சீலைக்குள்ளிருந்து ஒரு விரல் வந்து அந்தப் புறங்கையைத் தொட்டது.

“நீங்கள் கொண்டு வந்தது பொம்மை” என்றார் தவமணி அக்கா. “அவன் கை பட்ட பலகையைத் தாங்கோ. பொய்யெண்டாலும் அதிலயே பார்க்கிறன்.”

மைபூசிய பலகை விரலுக்கு மொழுமொழுவென்று ஒரே தளமாகத்தான் இருக்கும். அதைத் தொட்டறிய வேண்டுமானால் படத்தின் மேலேயே பசை பூசி நூல் ஒட்ட வேண்டும். பிறகு அது கண்ணுக்குப் படமாக இராது. மிஸ் இதைக் கமலா அக்காவுக்கு ஒளிக்காமல் சொன்னார்.

“ஏலாது” என்றார் கமலா அக்கா. “அவன்ர எண்டு இருக்கிறது இது ஒண்டுதான். தோணியளில கீறினதெல்லாம் உப்புத் தண்ணியில அழிஞ்சு போட்டுது. நான் காலமை எழும்பி இதைத்தான் பார்க்கிறனான்.” சொல்லிக்கொண்டு அழுதார். நியாயமான அழுகை. அவருக்கும் அவன் பிள்ளைதான்.

மிஸ் அவரைத் தேற்றப் போகவில்லை. “நீங்கள் அதை இவ்வளவு நாளும் பார்த்தனீங்கள். அவ ஒரு நாளும் பார்க்கேல்ல” என்று மட்டும் சொன்னார். கமலா அக்கா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அயல் வீட்டில் ஒரு போனை இரவல் வாங்கி வரச் சொல்லி, பலகையை முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படம் எடுப்பித்தார். பிறகு “ஒட்டுங்கோ” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

சுருக்காமல் ஒரு படத்தை நான் செய்தது அதுதான் முதல் தடவை. அவன் கோடு போன இடமெல்லாம் நூலைப் போக்கினேன். முகத்தின் வட்டத்தை ஒட்டி, உள்ளே ஒன்றும் வைக்காமல் விட்டேன். கைக்கு வந்தபோது ஒன்றைக் கண்டேன். படத்தில் மற்றக் கோடெல்லாம் தொழில் தெரிந்தவன் ஒரே இழுப்பில் இழுத்த கோடு. கைகளின் ஓரத்தில் மட்டும், மைக்கு அடியில், பென்சில் கோடு ஒன்று தட்டித் தடுமாறிப் போயிருந்தது. இடது சின்னவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. கை கீற வராதவன் என்று நினைத்துக்கொண்டு, வளைந்ததை வளைந்தபடியே ஒட்டினேன். நேராக்கவில்லை. மிஸ் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பசை காய்ந்ததும் பலகையைச் சுவரில் நிமிர்த்தி வைத்தோம். தவமணி அக்கா முன்னால் வந்து நின்றார். ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு நடந்து நடந்து தடவ வேண்டியிருந்தது. தண்ணீரில் கொஞ்சம் வழிதவறினார். சீலைக் கரையைப் பிடித்து மேலே போனார். முகத்துக்கு வந்தார். அந்த வட்டத்துக்குள் விரல் வழுக்கியது. கை கீழே விழுந்தது. கமலா அக்கா குசினி வாசலில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டார்.

விழுந்த கை விழுகிற வழியில் நூலில் பட்டது. நின்றது. ஒரு விரலின் ஓரத்தைத் தடவி நுனிக்கு ஏறி அடுத்த விரலின் அடிக்கு இறங்கியது. பிறகு அவர் தடவுவதை விட்டார். வலது உள்ளங்கையை அந்தக் கைக்குள் அப்படியே வைத்தார். இடது கையையும் தேடிப் போய் மற்றதற்குள் வைத்தார். ஒரு நூல் இடமும் மிச்சமில்லை. பஸ் கதவில் நசிந்து வளைந்துபோன அவருடைய சின்னவிரல், நான் வளைத்து ஒட்டிய நூலுக்குள் போய்ப் பொருந்தி இருந்தது. எத்தனையோ நாள் அந்தக் கையைப் பிடித்துக் கதைத்தவள் நான். அந்த விரலைப் படத்தில் அடையாளம் காணவில்லை.

அவர் நெற்றியைப் பலகையில் சாய்த்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. நாங்கள் ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. மிஸ் தன் இரண்டு கையையும் ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு தவமணி அக்கா திரும்பிக் கையை நீட்டினார். நான் என் கையைக் கொடுத்தேன். “பென்சில் கூசினது” என்றார். “ஒருநாள் என்ர ரெண்டு கையையும் பிடிச்சு ஒரு பலகையில அமத்தி வைச்சவன். ஆடாதேங்கோ அம்மா எண்டவன். விரலுக்கு விரல் பென்சில் போகப் போக எனக்குக் கூச்சம். நான் சிரிச்சு ஆட, அவன் என்ர கையில அடிச்சவன். என்னடா செய்யிறாய் எண்டு கேட்டன். பிறகு சொல்லுறன் எண்டவன். முகத்துக்கு என்னை இருத்திறதுக்குள்ள காய்ச்சல் வந்திட்டுது. என்னைக் கையிலயிருந்துதான் தொடங்கியிருக்கிறான்.”

கமலா அக்காவைக் கூப்பிடச் சொன்னார். அவர் வந்ததும் அவர் கையைப் பிடித்து, “அக்கா, இனி எனக்கு இல்லாததை இருக்கெண்டு சொல்லாதேங்கோ. இருக்கிறதே போதும்” என்றார். அன்று இரண்டு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். எங்களுக்கும் சோறு போட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மிஸ் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். “நாங்கள் சரியாக்கினதைத்தான் அவ தள்ளி விட்டவ, நஸீமா” என்றார். அடுத்த நாள் நிலையத்தில், படத்தைச் சுருக்குவதற்கு முதல் அது ஆரைப் பற்றியது, ஆருக்காகக் கீறினது என்று கேட்க வேண்டும் என்பது ஒழுங்காயிற்று. மிஸ் காலமாகி இப்போது சில வருசங்கள். சுகன்யாவின் கேள்விக்கு என் மறுமொழியும் அதுதான். மெஷினில் போடு, சுருக்கு, அதில் பிழை இல்லை. முதலில் கேள்.

நான் இப்போதும் கப்பல்துறைக்குப் போய் வருகிறேன். தொட்டுத் தொட்டுப் பலகையில் மை கழன்றுவிட்டது, மஞ்சள் சீலை எங்கே இருந்தது என்றே தெரியாது. கமலா அக்கா அந்தப் போன் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். நூலை மட்டும் நான் அவ்வப்போது புதுப்பித்து ஒட்டுவேன். போன கிழமை போனபோது தவமணி அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். கையை நூலுக்கு உள்ளே வைத்துக்கொண்டு, தலையை என் பக்கம் திருப்பி நின்றார். அது அவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. நான் அவருடைய விரல்களின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, இன்னும் நூலோடு பொருந்துகிறதா என்று சொல்ல வேண்டும்.

தடவிப் பார்த்தேன். அவருக்கு வயது போய்விட்டது. விரல்கள் வற்றிவிட்டன. நூலுக்கும் விரலுக்கும் நடுவில் என் நகம் போகிற அளவுக்கு இடம் விழுந்திருந்தது. சரியாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை. அவர் கையை எடுத்து என் கைமேல் வைத்தார். “இடைவெளி விழுந்திட்டுது அக்கா” என்றேன்.

அவர் திரும்பவும் பலகைக்குப் போய், அந்த இடைவெளியைத் தன் விரலாலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“மெலிஞ்சது நான்” என்றார். “அவன் சரியாத்தான் கீறினவன்.”